கலப்புத் தோப்பின் ஈரம்

மண்ணில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒரு தகர டப்பாவில் மண்ணை அள்ளி எடை போட வேண்டும். சூளைப் பெட்டியில் வைத்து நன்றாகக் காயவிட்டு மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடை எவ்வளவோ அவ்வளவும் தண்ணீர். "இதுக்கா இத்தனை வருஷம் உட்கார்ந்து படிச்ச?" என்று அத்தான் கேட்பார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் வேலை பார்க்கும் இந்த மரத் தோட்டத்துக்கு அவர்தான் மேனேஜர். ஊழியர்கள் என்னை மண்ணு மேடம் என்பார்கள். அத்தான் மண்ணாங்கட்டி என்பார். மேனேஜர் என்ற முறையில் அல்ல, அத்தான் என்ற முறையில்தான் என்று அவரே விளக்கமும் தருவார்.

அத்தானுக்கு வரிசை என்றால் உயிர். வீட்டில் செருப்புகள் வரிசையாக இருக்க வேண்டும். தட்டில் பிஸ்கட்டை வைத்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்க வேண்டும். கல்யாணப் போட்டோவில்கூட சொந்தக்காரர்களை உயரப்படி நிறுத்தி, குள்ளமான தன் பெரியப்பாவை ஓரத்துக்குத் தள்ளிய மனிதர். பணிமனையில் அவருக்குப் பெயர் 'ஸ்கேல்'. அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் அலுவலகம் ஒரு சரிவுச் சாலையின் மேல் முனையில் இருக்கிறது. கீழ் முனையில் டிராக்டர்களைப் பழுது பார்க்கும் பணிமனை. சாலைக்கு இடப்பக்கம் முழுக்கத் தைலமரம். அலுவலகத்தின் பின்சுவரில் தொடங்கி நேர்கோடு நேர்கோடாக இறங்கிப் போகும். நட்டது அத்தான். அவர் அறை ஜன்னலில் நின்று பார்த்தால் ஒரு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரியும். காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

வலப்பக்கம் என் தோப்பு. ஆறு வகை மரங்களைக் கலந்து நட்டது. நெட்டையாக வளர்வது, குட்டையாகப் படர்வது, இலையைக் கொட்டுவது, கொட்டாமல் வைத்திருப்பது, வேரை ஆழமாக இறக்குவது, மேலோட்டமாகப் பரப்புவது என்று எல்லாம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே சரிவு, ஒரே மழை. ஒரே நாளில் நட்டோம். எந்தப் பக்கத்து மண் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. அதற்காக இரண்டு பக்கமும் மண்ணுக்குள் ஈரம் அறியும் கருவிகளைப் புதைத்து வைத்திருந்தேன். அவற்றின் எண்கள் என் அறைக் கணினித் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அத்தானுக்கு என் தோப்பைக் கண்டாலே ஆகாது. "இது தோப்பா? தலை சீவாம ஸ்கூலுக்கு வந்த பசங்க மாதிரி நிக்குது" என்பார்.

எனக்கு அந்தத் தோப்பு உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கன்றாக வைத்தபோது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை அணைத்தவள் நான். இன்று உள்ளே போனால் தலைக்கு மேல் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். காலடியில் உதிர்ந்த இலைகள் மெத்தையாகக் கிடக்கும். அதை விலக்கிக் கைவிட்டால் மண் குளுகுளு என்றிருக்கும். சம்பளம் தராவிட்டாலும் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். இதை மட்டும் அத்தான் காதில் போட்டுவிடாதீர்கள், சம்பளத்தை நிறுத்தினாலும் நிறுத்துவார்.

இப்படி இருக்கும்போதுதான் நிறுவனத் தலைவர் வருகிறார் என்று செய்தி வந்தது. பக்கத்து மலைச்சரிவில் அடுத்து என்ன நடுவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். கலப்புத் தோப்பு உண்மையிலேயே தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று நான் காட்டினால் மலையிலும் கலப்பு. காட்ட முடியாவிட்டால் மலையில் தைலமரம். அதோடு போகாது. என் தோப்பையும் வெட்டிவிட்டு அங்கேயும் தைலமரம். வெட்டுவதற்கு ரம்பக்காரரை அன்றைக்கே வரச் சொல்லிவிட்டார் அத்தான். "வண்டிக் கூலி ஒரு தடவையோட போகுமில்ல" என்றார். என் தோப்பின் சாவுக்கு நேரம் குறித்துவிட்டு வண்டிக் கூலி பேசுகிற மனிதருக்கு என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

நான் கவலைப்படவில்லை. என் திரையில் எண்கள் அற்புதமாக இருந்தன. தைலமரப் பக்கம் மழை விட்ட சில நாளில் வறண்டுவிடும். என் பக்கம் ஈரம் நின்றது. குறிப்பாக, மூன்றாம் எண் கருவி காட்டிய ஈரம் இருக்கிறதே, ஏதோ ஏரிக்குள் புதைத்து வைத்த மாதிரி. என் செல்லப்பிள்ளை அது.

தலைவர் வருவதற்கு முந்தின வாரம், எண்களை அழகாக வரைபடம் போடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். மூன்றாம் எண்ணில் ஈரம் படிப்படியாக ஏறவில்லை, குதித்துக் குதித்து ஏறியிருந்தது. காலை டீ முடிந்ததும் ஒரு குதி. சாப்பாடு முடிந்ததும் ஒரு குதி. ஞாயிற்றுக்கிழமை குதியே இல்லை. மழைக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

டீ நேரம் முடிந்ததும் போய்த் தோப்புக்குள் ஒரு மரத்தின் பின்னால் நின்றேன். முதலில் பணிமனைப் பெரிய மெக்கானிக் வந்தார். பாட்டுப் பாடிக்கொண்டே கீழ் முனைப் புதருக்குள் ஒதுங்கினார். அவர் போனதும் டிராக்டர் டிரைவர். பின்னாலேயே ஸ்டோர் கீப்பர். இருவரும் அங்கேயே நின்று குடும்ப விஷயம் பேசினார்கள். என் செல்லப்பிள்ளைக்கு நேர் மேலே.

அலுவலகக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. அந்தக் கதவில் 'பயன்பாட்டில் இல்லை' என்ற பலகை தொங்கி வருடக் கணக்காகிறது. பின்பக்கக் கிணற்று மோட்டார் ரிப்பேர் என்று சொல்வார்கள். நானும், அலுவலகத்துக்கு டீ போட வரும் அக்காவும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் போய்வந்துவிடுவோம். ஆண்கள் எங்கே போகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. மண்ணைத் தவிர வேறு எதையும் நான் யோசிப்பதில்லை என்று அக்கா சொல்வது இதைத்தான் போலிருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை, அந்தக் கருவிகள் தண்ணீரை மட்டும் பார்ப்பதில்லை. மண்ணில் உப்பு ஏறினாலும் ஏமாந்துபோய் ஈரம் என்று காட்டும். மனிதர்கள் விடும் அந்தத் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமா? பணிமனையிலிருந்து கம்பி இழுக்க வசதி என்று கருவிகளில் பாதியைக் கீழ் முனையில்தான் புதைத்திருந்தேன். அவை காட்டிய எண்களெல்லாம் அடுப்பில் போட வேண்டியவை.

அன்றைக்கே அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஏன்டி சாப்பிடாம உட்கார்ந்திருக்க?" என்று அக்கா கேட்டாள். சொன்னேன். அத்தானுக்குச் சிரிப்பில் புரையேறியது. அக்கா எழுந்து தலையில் தட்டினாள். தட்டத் தட்டச் சிரித்தார்.

"உன் தோப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்குதுன்னு நினைச்சேன். நம்ம ஆளுங்க ஊத்தி வைக்கறாங்களா? ஐயோ, தலைவர்கிட்ட இதைச் சொல்லியே ஆகணுமே!"

"அத்தான், உள்ளே இருக்கற மண்ணை நான் தனியா காயவைச்சுப் பார்த்திருக்கேன். அங்கே யாரும் போறதில்ல. அங்கேயும் ஈரம் இருக்கு."

"யாரும் போறதில்லன்னு யாரு பார்த்தா? அவசரம்னு வந்தா ஆள் எங்கே வேணா போவான்."

"சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க" என்றாள் அக்கா.

"உண்மையைச் சொல்றது என் கடமை இல்லையா?" என்றார் அத்தான். கடமை என்ற சொல்லை அவர் வாயில் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் நான் பணிமனையில் ஒரு கூட்டம் போட்டேன். ஆய்வு என்றால் இரண்டு பக்கமும் சமமாக நடத்த வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் போவது அநியாயம். ஆகவே இனி பாதிப் பேர் தைலமரப் பக்கம் போக வேண்டும் என்று சொன்னேன். பெரிய மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

"மேடம், உங்க பக்கம் புதர் இருக்கு, மறைவு இருக்கு, குளிர்ச்சியா இருக்கு. அந்தப் பக்கம் நின்னா மேனேஜர் ரூம் ஜன்னல்லேருந்து முழுசா தெரியும்."

"கண்ணை மூடிக்கச் சொல்றேன்."

"மூடுவாரா அவரு? ஜன்னல்லேருந்து கத்துவாரு மேடம், 'கொஞ்சம் இடது பக்கம் நகரு, வரிசையில நில்லு'ன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்ததுதான் பெரிய எரிச்சல். சரி, தைலமரங்களுக்கு நடுவே ஒரு தார்ப்பாய் கட்டித் தரலாம் என்று அத்தானிடம் கேட்டேன். வரிசை கெட்டுவிடும் என்றார்.

வேறு வழியில்லாமல் கீழ் முனைக் கருவிகளைப் பிடுங்கி மேல் முனையில், அலுவலகத்துக்கு எதிரே புதைத்தேன். அங்கே ஒதுங்க யாருக்கும் துணிச்சல் வராது. மூன்றாம் எண்ணை மட்டும் பழைய இடத்திலேயே விட்டேன். அதைத் தொட எனக்கு மனமில்லை, கையுறையும் இல்லை.

தலைவர் வந்த அன்று அலுவலகம் பளபளவென்றிருந்தது. அத்தான் நாற்காலிகளை நூல் பிடித்துப் போட்டிருந்தார். சுவரில் கண்ணை உறுத்திய காலண்டர், ஆணி, பலகை எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் போட்டிருந்தார். கிணற்று மூடியின் மேல் வைத்திருக்கும் பூந்தொட்டிகளைக்கூடத் துடைத்திருந்தார். பின்பக்கக் கிணறு என்றோ இரும்பு மூடி போட்டு மூடியது. அதன் மேல் நான்கு தொட்டிகள், நான்கும் ஒரே கோட்டில்.

ரம்பக்காரரும் வந்து சேர்ந்தார். வந்ததும் என்னைப் பார்த்து, "வெட்டலாமா?" என்றார்.

"இன்னும் முடிவாகல."

"சரி, அதுவரைக்கும் இப்படி நிழல்ல இருக்கேன்" என்று என் தோப்புக்குள்ளேயே போய் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். தான் வெட்ட வந்த மரத்தின் கீழேயே நிம்மதியாகக் குறட்டை விட ஒரு மனசு வேண்டும்.

தலைவர் பருத்த மனிதர். மடிப்புக் கலையாத கைக்குட்டை வைத்திருந்தார். அவருக்குப் பிடிக்காத சொல் 'ஆனால்'. நான் பேசத் தொடங்கினேன். பல வகை வேர்கள் பல ஆழத்துக்குப் போவதால் மழை மண்ணுக்குள் இறங்க வழி கிடைக்கிறது, பல வகை இலைகள் மட்கி மண் பஞ்சு போல ஆகிறது, நிழல் இருப்பதால் வெயில் உறிஞ்சுவதும் குறைகிறது என்றேன். தைலமரம் வேகமாக வளரும், அதற்கேற்பக் குடிக்கவும் செய்யும், இங்கே அதன் இலைச் சருகு கிடக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அப்போ கலப்பு நட்டா எல்லா இடத்துலயும் தண்ணி நிக்கும்?" என்றார் தலைவர்.

"நிக்கலாம். ஆனால் எந்த மரத்தை எதோட கலக்கறோம்கறதைப் பொறுத்து..."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அத்தான், "ஐயா, ஒரு சின்ன விஷயம், சொல்லலாமா கூடாதான்னு தெரியல" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார். மெக்கானிக் பாடிய பாட்டைக்கூட விடவில்லை. அக்கா டீத் தட்டோடு வந்தவள், தட்டை மேஜையில் வைத்த சத்தத்தில் பிஸ்கட்டெல்லாம் வரிசை கலைந்தது.

"கருவியெல்லாம் மாத்தி வைச்சிருக்கேன் ஐயா. உள்ளே இருக்கற மண்ணையும் தனியா சோதிச்சிருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"மாத்தி ஒரு வாரம்கூட ஆகலையே" என்றார் தலைவர். வரைபடத்தை ஒரு விரலால் தள்ளினார். "இதை வைச்சு நான் ஒரு மலையை முடிவு பண்ண முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க. பேசாம வெட்டிட்டு..."

எனக்குக் கண் எரிந்தது. அழுதால் அத்தான் முன்னால் அழ வேண்டும் என்பதால் அழவில்லை. ஜன்னல் வழியே தோப்பைப் பார்த்தேன். காற்றில் ஒவ்வொரு மரமும் அதனதன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

தலைவர் மூன்றாவது டீயையும் முடித்துவிட்டு எழுந்தார். நெளிந்தார். கடமை தவறாத அத்தான் புரிந்துகொண்டு, "ஐயா, கீழே தோப்புல நல்ல மறைவா..." என்று கை காட்டினார்.

"நீங்க சொன்னதைக் கேட்டதுக்கு அப்புறமா? நானும் போய் அந்த ஆய்வைக் கெடுக்கணுமா?" என்று சீறினார் தலைவர். "அதுவுமில்லாம எனக்கு இது அந்தச் சின்ன வேலை இல்ல. கழிப்பறை இதோ இருக்கே!"

அத்தான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவில் பலகை இல்லை. பலகைதான் பரணில் இருக்கிறதே.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாயைத் திருகும் சத்தம். மறுபடி திருகும் சத்தம். பிறகு ஒரு காலி வாளி உருளும் சத்தம். பிறகு தலைவரின் குரல், மிகவும் தாழ்ந்து: "மேனேஜர்?"

"ஐயா?"

"தண்ணி வரல."

"மோட்டார் ரிப்பேருங்க ஐயா!" என்று கதவோடு பேசினார் அத்தான். "இதோ, கிணத்துலேருந்து இறைச்சுக் கொண்டு வரேன்!"

ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அந்தப் பூந்தொட்டிகளை அவர் வரிசை பார்க்காமல் தள்ளியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். மூடியைப் புரட்டி, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கயிறு இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'டங்' என்றது.

எட்டிப் பார்த்தோம். அடியில் காய்ந்த கல். அதன் மேல் ஒரு தேரை உட்கார்ந்து எங்களை அண்ணாந்து பார்த்தது. கிணற்றுச் சுவர் இடுக்குகளிலிருந்து தைலமர வேர்கள் நூல் நூலாகத் தொங்கின.

"அத்தான்" என்றேன். "மோட்டார்ல என்ன ரிப்பேர்?"

"மெக்கானிக் மோட்டார் நல்லாத்தான் இருக்குன்னான். நான்தான் நம்பாம மறுபடி மறுபடி அனுப்பினேன்" என்றார். மண்ணில் தண்ணீர் பார்ப்பதற்கென்றே படித்த நான், ஒரு நாளாவது அந்த மூடியைத் திறந்து பார்த்தேனா? கிணறு என் ஆய்வுத் திட்டத்தில் இல்லை. திட்டத்தில் இல்லாத எதுவும் என் கண்ணில் படுவதில்லை.

"மேனேஜர்!" என்று உள்ளேயிருந்து குரல் உயர்ந்தது.

திரும்பி ஓடினோம். கழிப்பறைக் கதவுக்கு வெளியே அக்கா ஒரு வாளி நிறையத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். தெளிவான, சில்லென்ற தண்ணீர்.

"ஏது இது?" என்றேன்.

"எதிர்க்க உன் தோப்புல, சாலைக்கு மண்ணு வெட்டின பள்ளம் இருக்கில்ல? அதுலதான். மரமெல்லாம் பெரிசான பிறகு ஊற ஆரம்பிச்சுது. தினமும் அங்கேதான் மொண்டுக்கிட்டு வரேன். பின்ன, குவார்ட்டர்ஸ்லேருந்தா சுமப்பாங்க?"

அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். கொசு வரும் என்று தூர்க்கச் சொல்லியிருந்தேன். நல்லவேளை, இந்த அலுவலகத்தில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே வந்து வாளியை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது.

"நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது கதவு. "இங்கே இருக்கற கிணத்துல தண்ணி இல்லையா?"

"இல்லைங்க ஐயா" என்றார் அத்தான்.

"எப்போலேருந்து?"

"மரம் வளர்ந்ததுலேருந்து... மோட்டார் ரிப்பேரானதுலேருந்து... ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்துல மட்டும் தண்ணி இருக்கா?"

"இருக்குங்க ஐயா" என்றேன் நான். "ஒரே மழைதான். கிணறு எவ்வளவு ஆழம், பள்ளம் வெறும் இடுப்பளவு."

கை இன்னும் வாளியைத் தொடவில்லை. "இதுவும் அந்த மெக்கானிக் தண்ணி இல்லைன்னு என்ன நிச்சயம்?"

என் சட்டைப் பையில் உப்பு பார்க்கும் மீட்டர் எப்போதும் இருக்கும். எடுத்து வாளியில் முக்கினேன். எண் மிகவும் கீழே நின்றது. கதவை நோக்கி உரக்கப் படித்தேன். "ஐயா, உப்பே இல்ல. கீழ் முனை மண்ணைக் கரைச்சு இதுல காட்டினா நம்பர் ஆகாயத்துக்குப் போகும். இது மழைத் தண்ணி. மண்ணுக்குள்ள இறங்கி, நின்னு, மெதுவா ஊறி வர்ற தண்ணி."

கை அப்படியே நின்றது. மீட்டரில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் அத்தான் பேசினார். எனக்காகப் பேசினாரா, தலைவருக்காகப் பேசினாரா, வாளி காத்திருப்பது பொறுக்காமல் பேசினாரா என்று இன்று வரை தெரியாது. "நல்ல தண்ணிதாங்க ஐயா. நான் தினமும் அதுலதான் முகம் கழுவறேன்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே சொன்னாள்: "நீங்க குடிச்ச மூணு டீயும் அதுலதான் போட்டேன் ஐயா."

உள்ளே ஒரு பெருமூச்சு. பிறகு அந்தக் கை வாளியைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது.

தலைவர் வெளியே வந்தபோது முகத்தில் பழைய கம்பீரம் திரும்பியிருந்தது. கைக்குட்டையால் கையைத் துடைத்தார். நேராகக் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். தேரை அவரையும் பார்த்தது. பிறகு சாலையைக் கடந்து பள்ளத்தைப் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை வரைபடத்துல போட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"தோணவே இல்ல ஐயா" என்றேன். "ஒரு கிணத்தையும் ஒரு பள்ளத்தையும் வைச்சு முடிவு பண்ணவும் கூடாது. இன்னும் ரெண்டு மூணு இடத்துல பார்க்கணும்."

"பார்த்துக்கிட்டே இருங்க. மலையில பாதி கலப்பு நடுங்க, பாதி தைலம் நடுங்க. ரெண்டுலயும் கிணறு வெட்டுங்க. மூடி போடாதீங்க. இந்தத் தோப்பை யாரும் தொடக் கூடாது." பிறகு அத்தானைப் பார்த்தார். "அந்தப் பக்கம் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுத்துட்டு நடுவுல இவங்க சொல்ற மரத்தை நடுங்க. கிணறு ஊறுதான்னு பார்ப்போம். எனக்கு இந்தக் கழிப்பறையில தண்ணி வரணும்."

மண் டப்பாக்களைச் சூளைப் பெட்டியில் வைத்து எடுத்து நான் வரைந்த வரைபடமெல்லாம் செய்யாததை, ஒரு காலி வாளி செய்துவிட்டது. ஆய்வாளர் என்ற முறையில் எனக்கு அவமானம். தோப்புக்காரி என்ற முறையில் எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. இந்த முறை அழுதேன். அத்தான் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவர் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்று தன் வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த வரிசையைடி எடுக்கறது?" என்றார். குரல் உடைந்திருந்தது. "எல்லாம் நேரா இருக்கே."

எனக்குப் பாவமாக இருந்தது. "புது மரத்தை நீங்களே நூல் பிடிச்சு நடுங்க அத்தான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"கலப்பு மரம் வரிசையில நிக்குமா?"

"மரம் எப்படி வேணா நிக்கும். மண்ணுக்குக் கீழேதான் கலக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு மண்ணாங்கட்டின்னு பேர் வைச்சது தப்பில்ல" என்றார். அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ரம்பக்காரர் கொட்டாவி விட்டபடி தோப்பிலிருந்து வந்தார். "வெட்டலாமா?"

"நீங்க படுத்திருந்த பக்கம் இல்ல. எதிர்ப் பக்கம், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை" என்றாள் அக்கா.

"அங்கே நிழலே இல்லையேம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பணிமனையில் செய்தி பரவியதும் பெரிய மெக்கானிக் ஓடி வந்தார். இனி தைலமரப் பக்கமும் புதர் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். எங்கே வரும் என்றார். உங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்றேன்.

கிளம்புவதற்கு முன் தலைவர் இன்னும் இரண்டு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். தண்ணீர் ருசியாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னாராம். கார் சரிவில் இறங்கிப் போனதும் நான் என் அறைக்குப் போய்த் திரை முன்னால் உட்கார்ந்தேன். மேல் முனைக் கருவிகள் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. எழுந்து விளக்கை அணைக்கப் போனவள் நின்றுவிட்டேன்.

மூன்றாம் எண் ஒரே குதியாகக் குதித்தது. பணிமனை ஆட்கள் எல்லோரும் இங்கே அலுவலக வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். தோப்பின் கீழ் முனையில் தலைவரின் கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தது, பின் கதவு திறந்தபடி. எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் குதியின் பக்கத்தில் 'தலைவர்' என்று குறித்து வைத்துக்கொண்டேன்.